ஓட்ஸ் வாஃபிளும் உடன்குடிக் கருப்பட்டியும்

வாஃபிள் என்ற பலகாரத்தில் மாவை விடக் குழிக்குத்தான் மதிப்பு அதிகம். தோசையில் ஓட்டை ஓட்டையாக விழுந்தால் மாவு நன்றாகப் புளித்திருக்கிறது என்பார்கள். வாஃபிளுக்கு அந்தக் கவலையே கிடையாது. அச்சே கட்டம் கட்டமாகக் குழி போட்டுக் கொடுத்துவிடும். அந்தக் குழி எதற்கு? பாகு வழிந்து ஓடாமல் தேங்கி நிற்பதற்கு. ஆக, வாஃபிள் என்பது உண்மையில் பாகு சாப்பிடுவதற்கான ஒரு ஏற்பாடு!

"வீட்டிலேயே ஓட்ஸ் வாஃபிள் செய்வது எப்படி" என்று இப்போது தமிழிலும் சமையல் குறிப்புகள் நிறைய வருகின்றன. அவற்றில் பலவற்றின் கடைசியில், மேப்பிள் சிரப் கிடைக்காவிட்டால் கருப்பட்டிப் பாகு ஊற்றிக் கொள்ளலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் உடன்குடி என்ற ஊரும், ஒரு குட்டி ரயிலும், தினமும் இரண்டு வேளை மரம் ஏறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களும் அடங்கியிருக்கின்றன. அதைப் பார்ப்பதற்கு முன்னால் வாஃபிள் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

ஐரோப்பாவின் தேவாலயங்களில் நற்கருணை அப்பம் சுடுவதற்கு நீளமான கைப்பிடி வைத்த இரண்டு இரும்புத் தட்டுகள் இருந்தன. நடுவில் மாவை ஊற்றி மூடி நெருப்பில் காட்டுவார்கள். தட்டின் உட்புறம் செதுக்கிய உருவம் அப்பத்தின் மேல் பதியும். அதே இரும்பு கோயிலை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்து, செதுக்கிய உருவத்துக்குப் பதில் தேன்கூடு போலக் கட்டம் வைத்துக் கொண்டபோது வாஃபிள் பிறந்தது. டச்சுக்காரர்கள் அதை 17ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார்கள். நியூயார்க் மாநிலத்து டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்டவுட் அடுப்பின் மேலேயே வைத்துத் திருப்பிப் போடும் அச்சுக்கு 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் இன்றும் அந்த நாளை வாஃபிள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். பிறகு மின்சார அச்சு வந்தது, 1953இல் உறையவைத்த எக்கோ வாஃபிள் கடைகளுக்கு வந்தது, வீட்டில் மாவு கரைக்கும் வேலையும் பலருக்கு நின்று போனது.

நம்மிடம் அச்சுப் பலகாரம் இல்லாமல் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வீடுகளில் சுடும் அச்சு முறுக்கு, பூப் போன்ற இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் விடுவது. இதே பண்டத்துக்கு இலங்கையில் கொக்கிஸ் என்று பெயர். பிஸ்கட்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லில் இருந்து அது வந்தது என்பார்கள். தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கீசியரிடம் இருந்து பிடித்தார்கள். ஆங்கிலேயர் கைக்கு அது முழுதாகப் போனது 1825இல். இத்தனை வருடம் அவர்கள் இந்தக் கரையில் முத்தும் துணியும் வாங்கிக் கொண்டிருந்தும் வாஃபிள் இங்கே ஒட்டவில்லை. குழிப்பணியாரச் சட்டி மட்டும் டச்சுக்காரர்களின் பொஃபர்ட்யஸ் சட்டிக்கு உடன்பிறந்தது போல இருக்கும். இரண்டு ஊரிலும் தனித்தனியாகத் தோன்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை. மாவும் நெருப்பும் இருந்தால் மனிதன் குழி தோண்டத்தான் செய்வான் :-)

ஓட்ஸ் கதை இன்னும் வேடிக்கை. கோதுமை வயலிலும் பார்லி வயலிலும் களையாக முளைத்த புல் அது. குளிரும் மழையும் அதிகமான இடங்களில் கோதுமையை விட நன்றாக விளைந்ததால் தானியமாகப் பதவி உயர்வு பெற்றது. 1755இல் வெளிவந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மனிதர்கள் சாப்பிடுகிறார்கள் என்ற பொருளில் ஓட்ஸுக்கு விளக்கம் எழுதி ஸ்காட்லாந்துக்காரர்களைச் சீண்டினார். அமெரிக்காவில் 1877இல் குவேக்கர் என்ற பெயரைப் பதிவு செய்து பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிய பிறகுதான் குதிரைத் தீவனம் குடும்பச் சாப்பாடு ஆனது. 1997இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஓட்ஸில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து தினமும் 3 கிராம் அளவில் சேர்ந்தால் இதய நோய் அபாயத்தைக் குறைக்க உதவலாம் என்று பெட்டியில் அச்சடிக்க அனுமதி கொடுத்தது. அவ்வளவுதான், ஓட்ஸ் மருந்து ஆகிவிட்டது. இந்தியாவுக்கு கெல்லாக்ஸ் 1994இல் வந்தது, குவேக்கர் 2006இல் வந்தது. டாக்டர் சொன்னார் என்று கஞ்சியாகக் குடித்து அலுத்துப் போனவர்கள் அதை தோசை, இட்லி, உப்புமா ஆக்கினார்கள். அந்த வரிசையில் கடைசியாக வந்ததுதான் ஓட்ஸ் வாஃபிள்.

சரி, பாகுக்கு வருவோம். வாஃபிள் மேல் ஊற்றும் மேப்பிள் சிரப் என்பது மரத்தில் இருந்து வடியும் நீரைக் காய்ச்சிச் சுண்ட வைத்தது. கருப்பட்டியும் அதேதான். ஒன்று பனி கொட்டும் கனடாவில், இன்னொன்று தேரி மணல் சுடும் உடன்குடியில்.

கணக்குப் பார்த்தால் நம் மரம்தான் கெட்டிக்காரி. மேப்பிள் நீரில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் சிரப்புக்குச் சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்ச வேண்டும். பதநீரில் சர்க்கரை 10 சதவீதத்துக்கு மேல். ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டரில் ஒரு கிலோ கருப்பட்டி தேறிவிடும். மேப்பிள் மரத்தில் துளை போட 30, 40 வருடம் காத்திருக்க வேண்டும். பனை 12, 15 வருடத்தில் பாளை விடும். விறகுச் செலவும் குறைவு, காத்திருப்பும் குறைவு. பிறகு ஏன் மேப்பிள் சிரப் உலகம் முழுக்க விற்கிறது, கருப்பட்டி ஏன் தடுமாறுகிறது?

ஒரே வரியில் பதில் சொன்னால், மேப்பிள் மரத்தில் இடுப்பு உயரத்தில் துளை போட்டால் போதும். பனையில் உச்சிக்கு ஏற வேண்டும்.

அந்த ஏற்றம் எப்படிப்பட்டது என்பதை விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். உடன்குடி, மணப்பாடு, திசையன்விளை வட்டாரத்தில் சிவந்த மணல்மேடுகள் உண்டு. தேரி என்று பெயர். தாமிரபரணித் தண்ணீர் நெல் விளைவிக்கும் பூமிக்குத் தெற்கே, நெல்லுக்கு வழியில்லாத அந்த மணலில் வேர் பிடித்து நின்றது பனை. பங்குனி, சித்திரை என்று வெயில் ஏறும் மாதங்கள்தான் பதநீர்ப் பருவம். பனையேறி விடியற்காலையில் கிளம்புவார். காலில் தளைநார், கையில் முருக்குத்தடி, இடுப்பில் அருவாள் பெட்டி. உச்சிக்குப் போய்ப் பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவி, உள்பக்கம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். இது ஒரு தடவை செய்து விட்டுவிடும் வேலை இல்லை. தினமும் சீவினால்தான் பாளை சுரக்கும். ஒரு நாள் விட்டால் காய்ந்து போகும். அதனால் காலையும் மாலையும், ஒவ்வொரு மரமாக, பருவம் முடிகிற வரை ஏற்றம்தான். காய்ச்சல் என்றாலும் லீவு கிடையாது. பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கலயத்தில் தடவும் அந்தச் சுண்ணாம்புதான் முழுத் தொழிலின் ரகசியம். சுண்ணாம்பு இல்லாவிட்டால் நீர் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தால் பதநீர். அந்தப் பக்கத்தில் பயினி என்பார்கள். பனையோலையை மடக்கிப் பட்டை பிடித்து அதில் ஊற்றிக் குடிக்கும் பயினிதான் பருவ காலத்தில் பனையேறிக் குடும்பங்களின் காலை உணவாக இருந்தது. அரிசிச் சோறே விசேஷ நாளுக்கு என்றிருந்த காலத்தில் இட்லி தோசைக்கு எங்கே போவது?

இறக்கிய பயினியைக் காய்ச்சுவது பெண்களின் வேலை. பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்த குடிசை, அதற்கு விடிலி என்று பெயர். பெரிய சட்டியில் ஊற்றிக் காய்ந்த ஓலையையும் மட்டையையும் எரித்து மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டால் நுரை அடங்கும். பாதி சுண்டித் தேன் போல இருக்கும் நிலைக்குக் கூப்பனி என்று பெயர். (மேப்பிள் சிரப்புக்கு நேரான தமிழ்ச் சொல் தேடுபவர்கள் இத்தோடு தேடலை நிறுத்திக் கொள்ளலாம்.) இன்னும் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருண்டை பிடிக்கிறதா என்று பார்த்து, சிரட்டைகளில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி. சுக்கும் மிளகும் ஏலமும் சேர்த்தால் சில்லுக் கருப்பட்டி. சித்திரை வெயிலில், ஓலைக் குடிசைக்குள், அடுப்பின் முன்னால் நடந்த இந்த வேலைக்குத் தனிக் கூலி என்று யாரும் கணக்கு எழுதியதில்லை. வீட்டுப் பெண்கள் செய்வதுதானே என்று விலையிலும் அது ஏறவில்லை. இன்றைக்குக் கருப்பட்டி விலை அதிகம் என்று புலம்புபவர்கள், அந்தக் காலத்து விலை ஏன் குறைவாக இருந்தது என்று இங்கேதான் தேட வேண்டும்.

இந்த மக்களைப் பற்றி முதலில் விரிவாக ஆங்கிலத்தில் எழுதியவர்களில் ஒருவர் ராபர்ட் கால்டுவெல். உடன்குடிக்குத் தென்மேற்கே உள்ள இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த அதே கால்டுவெல்தான். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதுவதற்கு முன்பே, 1849இல் திருநெல்வேலிப் பனையேறும் சமூகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பனைத் தொழிலின் விவரங்கள் அதில் நிறைய இருக்கின்றன. ஆனால் மக்களை மட்டமாகச் சித்தரித்தது என்று பின்னாளில் நாடார் சமூகத்தில் படித்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கால்டுவெல் அந்த நூலைப் புழக்கத்தில் இருந்து விலக்கிக் கொள்ள வேண்டியதாயிற்று. மரத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கு ஏறுகிற மனிதரைப் பார்ப்பதில் பார்வை கோணிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது குட்டி ரயில். சென்னையைச் சேர்ந்த பாரி கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த ஈஸ்ட் இண்டியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபாக்டரீஸ் என்ற நிறுவனம், உடன்குடிக்குப் பக்கத்தில் உள்ள குலசேகரன்பட்டினத்தில் ஒரு சர்க்கரை ஆலை வைத்தது. மூலப்பொருள் கரும்பு அல்ல, பனை! ஆலைக்குச் சரக்கு வந்து சேர 1910களில் ஒரு ரயில் பாதையே போட்டார்கள். திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையில் குலசேகரன்பட்டினம் வழியாக, உடன்குடி வட்டாரத்துப் பனங்காடுகளை ஒட்டி, வெறும் இரண்டு அடி அகலத் தண்டவாளத்தில் அது ஓடியது. திருச்செந்தூர் முருகனைப் பார்க்கப் போன பயணிகளும் அதில் ஏறினார்கள். ஒரு கருப்பட்டிக்காக ரயில் விட்ட வட்டாரம் இது.

அந்த ரயில் 1940இல் நின்றது. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் என்ன நடந்தது என்று பார்த்தால் சூழ்நிலை புரியும். 1932இல் பிரிட்டிஷ் அரசு சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்து, ஜாவா சர்க்கரை மேல் கனமான வரி போட்டது. பாதுகாப்புக் கிடைத்ததும் இந்தியாவில் கரும்பு ஆலைகள் மளமளவென்று முளைத்தன. 1931-32இல் சுமார் 30 ஆக இருந்த எண்ணிக்கை சில வருடங்களிலேயே 130ஐத் தாண்டியது. கரும்பில் இருந்து நேரடியாக வெள்ளைச் சர்க்கரை எடுக்கும் ஆலைகளோடு, கருப்பட்டியையும் வெல்லத்தையும் உருக்கிச் சர்க்கரை எடுப்பவர்கள் விலையில் போட்டி போட முடியாது. கரும்பை வெட்டித் தரையில் இருந்தே வண்டியில் ஏற்றலாம். யாரும் ஏற வேண்டாம். பொருளாதாரப் பாடத்தில் போட்டித் திறன் என்று படிப்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

பிறகு மதுவிலக்கு. சென்னை மாகாணம் முழுவதும் 1948இல் மதுவிலக்கு வந்தது. நடுவில் 1971 முதல் 1974 வரை போன்ற இடைவெளிகள் உண்டு. தமிழ்நாட்டில் கள் இறக்குவதற்கு 1987 முதல் தொடர்ந்து தடை இருக்கிறது. பனையேறிக்குப் பதநீர் மட்டும்தான் வழி. பதநீருக்கோ ஆயுள் ஒரு பொழுது. உடனே காய்ச்ச ஆள் வேண்டும், விறகு வேண்டும். பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். அதில் வருந்த ஒன்றும் இல்லை. பிள்ளை பனை ஏறக் கூடாது என்பதற்காகத்தான் பல அப்பாக்கள் ஏறினார்கள். மரங்கள் செங்கல் சூளைக்குப் போயின. 1978 முதல் பனை நம் மாநில மரம்.

கனடாவில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உலக மேப்பிள் சிரப்பில் சுமார் 70 சதவீதம் கியூபெக் மாகாணத்தில் இருந்து வருகிறது. அங்கே உற்பத்தியாளர் கூட்டமைப்பு ஒன்று ஒவ்வொருவரும் எவ்வளவு விற்கலாம் என்று அளவு நிர்ணயிக்கிறது, உபரியைக் கிடங்கில் சேமிக்கிறது, விலை விழாமல் பார்த்துக் கொள்கிறது. அந்தக் கிடங்கில் இருந்து 2011-12இல் சுமார் 3,000 டன் சிரப் திருடு போனது; மதிப்பு 1.8 கோடி கனடா டாலர்! பாகைத் திருடுகிற அளவுக்கு அதற்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக் கொள்ள வேண்டும். கூட்டமைப்பின் கட்டுப்பாடு பிடிக்காமல் வழக்குப் போட்ட விவசாயிகளும் உண்டு. இருந்தாலும் மரத்துக்குச் சொந்தக்காரர்கள் விலை பேசும் மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கருப்பட்டியில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது பெரும்பாலும் வியாபாரிதான். பருவத்துக்கு முன்னால் முன்பணம், பருவத்தில் சரக்கு, கடைசியில் கணக்கு நேராகிவிடும்.

2010களில் நெடுஞ்சாலை ஓரங்களில் கருப்பட்டி காபிக் கடைகள் பெருகியபோது நிலைமை தலைகீழானது. இப்போது கேட்பவர்கள் அதிகம், ஏறுபவர்கள் குறைவு. இந்த இடைவெளியை நிரப்பியது யார்? வெள்ளைச் சர்க்கரை. ஒரு காலத்தில் கருப்பட்டியை உருக்கிச் சர்க்கரை எடுத்த அதே வட்டாரத்தில், சர்க்கரையை உருக்கிக் கருப்பட்டி செய்து அதிகாரிகளிடம் பிடிபட்ட செய்திகள் அடிக்கடி வருகின்றன. கிலோவுக்குப் பல மடங்கு விலை வித்தியாசம் இருக்கும்போது ஆசை வராமல் இருக்குமா? அமெரிக்காவிலும் இதே கதைதான். பான்கேக் சிரப் என்று விற்கும் மலிவுப் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது சோளப் பாகு. வித்தியாசம் என்னவென்றால், அங்கே மேப்பிள் இல்லாத பாட்டிலுக்கு மேப்பிள் சிரப் என்று பெயர் வைக்க முடியாது.

அந்தப் பெயர்ப் பாதுகாப்பு உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடாகக் கிடைத்தது. அதற்கு முன் 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவது, மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது, ரேஷன் கடையில் கருப்பட்டி விற்பது என்று அறிவிப்புகள் வந்தன. விதை போட்டால் மரம் வரும். 12 வருடம் கழித்து அதில் யார் ஏறுவார்கள் என்பதற்கு விதையில் பதில் இல்லை. ஏறும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. உச்சிக்குக் கொண்டு போய் விடும், பாளையைச் சீவ மனிதக் கைதான் வேண்டும்.

வாஃபிளை அடுப்பில் மறந்துவிடக் கூடாது. ஒரு கப் ஓட்ஸை மிக்சியில் பொடித்து, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு, ஒரு முட்டை, முக்கால் கப் பால், இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். ஓட்ஸ் ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். அவசரப்பட்டு ஊற்றினால் அச்சில் ஒட்டிக் கொண்டு பாதி மேலே பாதி கீழே என்று பிய்ந்து வரும். அச்சை நன்றாகக் காய வைத்து எண்ணெய் தடவி ஊற்றி, ஆவி வருவது நிற்கும் வரை திறக்காமல் இருந்தால் மொறுமொறுப்பாக வரும். வாஃபிள் அச்சு இல்லாதவர்கள் அதே மாவைப் பணியாரச் சட்டியில் ஊற்றலாம். குழி வெளியே இருப்பதற்குப் பதில் பணியாரமே குழி வடிவில் வரும், அவ்வளவுதான்.

பாகுக்கு 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் கப் தண்ணீரில் கரைய விட்டு, கட்டாயம் வடிகட்டிவிட்டு, கூப்பனிப் பதம் வரும் வரை கொதிக்க வைக்க வேண்டும். சூடான பாலில் மட்டும் நேராகப் போடக் கூடாது, திரிந்துவிட வாய்ப்பு உண்டு. அந்த 100 கிராம் ஏறக்குறைய ஒரு லிட்டர் பதநீர். வடிகட்டியின் அடியில் கொஞ்சம் சிவப்பு மணலும் ஓலைத் துணுக்கும் தங்கலாம். அது தேரி மணல்.